போர்வையை விழுங்கிய பாம்பு

எங்கள் வீட்டில் இரண்டு ஃபிரீசர்கள் இருக்கின்றன. சமையலறையில் இருப்பதில் வஞ்சிரம், பட்டாணி, தேங்காய்த் துருவல். மாடிப்படிக்குக் கீழே இருப்பது முழங்கால் உயரம். யாரோ தெருவோரம் போட்டுவிட்டுப் போனதைத் தூக்கிவந்து, ரிலே மாற்றி, கேஸ் ஏற்றி, கோணிப்போன கதவு ரப்பரைச் சூடுகாட்டி நிமிர்த்தி, நானே ஓடவைத்தேன். அதில் இருப்பதெல்லாம் சுண்டெலி. பத்துப் பத்தாகப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடை எழுதி ஒட்டிய வெள்ளைச் சுண்டெலி. என் மகள் வளர்க்கும் மலைப்பாம்புக்கு.

நான் குளிர்சாதன மெக்கானிக். ராயபுரத்தில் பிறந்தவன். அப்பா ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். உப்புத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தகர அச்சுகளைத் தூக்கி, பார் ஐஸைக் கவிழ்த்து, கொக்கியால் இழுத்து மீன் வண்டியில் ஏற்றுவது அவர் வேலை. வீட்டுக்கு வரும்போது சட்டையில் அமோனியா வாடை இருக்கும். 1998இல் லண்டன் வந்ததிலிருந்து நானும் அதே தொழில்தான். பெரிய கடைகளின் குளிர் அறைகள், கறி வியாபாரிகளின் ஃபிரீசர்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நின்றுபோகும் கம்ப்ரசர்கள். செத்த உடம்பு கெடாமல் இருக்கக் காவல் காப்பவன் என்று என்னைச் சொல்லலாம். அதனால்தான் ‘உயிரோடா, உறைந்ததா’ என்ற கேள்வி வீட்டுக்குள் வந்தபோது என்னால் அதை மகளிடமே விட்டுவிட்டு நகர முடியவில்லை.

பாம்பு வந்தது மூன்று வருஷத்துக்கு முன். ராயல் பைத்தான் வகை. கானா, டோகோ, பெனின் பக்கத்து மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு அது. அங்கிருந்து லட்சக்கணக்கில் கப்பலும் விமானமும் ஏறியிருக்கிறது. பயந்தால் பந்துபோலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும் என்பதால் அமெரிக்காவில் பால் பைத்தான் என்பார்கள். வைத்திருந்தவர் வேண்டாம் என்று விட்டுவிட, கைவிடப்பட்ட பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரிடமிருந்து மகள் வாங்கிவந்தாள். அதன் முதுகில், நடுவுக்குச் சற்றுக் கீழே, கட்டைவிரல் நீளத்துக்குச் செதில் முளைக்காத வழவழப்பான தழும்பு இருந்தது. முன்பு வைத்திருந்தவர் உயிருள்ள எலியைக் கூண்டில் விட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார். பாம்புக்கு அன்று பசியில்லை. எலிக்குப் பசித்தது. விடியும்வரை கடித்திருக்கிறது.

கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பாம்பு வாயில் அகப்பட்ட தேரையைப் பற்றித்தான் நாம் பேசுவோம். பாம்பை எலி தின்றதைக் கேள்விப்பட்டதுண்டா? ஆனால் பாம்பு வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்த சங்கதி. மூலையில் மாட்டிய எலிக்கு ஓட இடமில்லை. பசிக்காத பாம்பு அதைக் கண்டுகொள்வதும் இல்லை, எதிர்ப்பதும் இல்லை. சில பாம்புகளுக்கு முதுகெலும்பு தெரியும்வரை சதை போயிருக்கிறது.

அந்தப் பாம்பு எங்கள் வீட்டுக்கு வந்து பத்து வாரம் எதுவும் தின்னவில்லை. மகள் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஃபிரீசரிலிருந்து ஒரு எலியை எடுத்து, ஐஸ் விட வைத்து, இடுக்கியால் நீட்டுவாள். அது நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். இந்த வகை மாதக்கணக்கில் பட்டினி கிடக்கக்கூடியது என்று படித்திருந்தும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. எலி வாங்கும் கடைக்காரரிடம் கேட்டோம். “ஒரே ஒரு தடவை உயிரோடு கொடுத்துப் பாருங்கள். ருசி கண்டால் வழிக்கு வரும்” என்றார் நல்ல மனிதர்.

காரில் வரும்போது மகள் பேசவே இல்லை. வீட்டு வாசலில்தான் வாயைத் திறந்தாள். “அப்பா, பாம்பு என் பொறுப்புன்னா, நான் வாங்கிட்டு வர எலியும் என் பொறுப்புதானே?”

சட்டமும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் மனிதன் கையில் இருக்கும் முதுகெலும்புள்ள எந்தப் பிராணிக்கும் தேவையில்லாத வேதனை தரக்கூடாது என்கிறது. அதில் பாம்பு வேறு, எலி வேறு என்ற பாகுபாடு இல்லை. நம் ஊரில் 1960இன் வதைத் தடுப்புச் சட்டத்தில், வேடிக்கைக்காக ஒரு பிராணியைக் கட்டிவைத்து இன்னொன்றுக்கு இரையாக்குவது குற்றம் என்று தனியாகவே எழுதியிருக்கிறது. ஆனாலும் ‘பாம்பு செத்ததைத் தின்னாது’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது, யார் அதைச் சோதித்துப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. இரவு ஷிப்டில் கம்ப்ரசர் ஓட்டம் சீராவதற்குக் காத்திருக்கும் நேரங்களில் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் அகப்பட்டது ஒரு கப்பல். 1817இல், சீனாவுக்குப் போன ஆம்ஹர்ஸ்ட் பிரபுவின் தூதுக்குழு ஜாவாவின் படேவியாவிலிருந்து ‘சீசர்’ என்ற கப்பலில் இங்கிலாந்து திரும்புகிறது. மேல்தளத்தில் ஒரு கூண்டு. அதில் போர்னியோவிலிருந்து வந்த 16 அடி மலைப்பாம்பு. அதற்கு வழிச்சாப்பாடாக ஆறு ஆடுகள். கப்பலில் இருந்த மருத்துவர் மெக்லியாட், கூண்டுக்குள் இறக்கப்பட்ட ஆடு எப்படி நடுங்கியது, பாம்பு எப்படிப் பிடித்தது, விழுங்க எத்தனை நேரம் ஆனது என்று விலாவாரியாக எழுதிவைத்தார். அந்தப் பக்கங்கள் ஐரோப்பாவில் வெகுநாள் பேசப்பட்டன. பாம்பு செயின்ட் ஹெலினா தீவு வருவதற்கு முன்பே செத்துப்போனது.

எல்லோரும் ஆட்டின் நடுக்கத்தைத்தான் வாசித்தார்கள். என் கண் அந்த ஆறு என்ற எண்ணில் நின்றது. வெப்பக் கடலில் மாதக்கணக்கான பயணம். கறியை எப்படி வைத்திருப்பது? உப்புக் கண்டத்தைப் பாம்பு தொடாது. ஆகவே ஆட்டை ஆடாகவே கொண்டுபோக வேண்டும். அன்றைக்கு உயிர்தான் ஃபிரீசர். மூச்சு இருக்கும்வரை கறி கெடாது. கப்பல்காரர்கள் தங்களுக்கும் அப்படித்தான் கோழியும் பன்றியும் கொண்டுபோனார்கள். சென்னைக் கடற்கரையில் இப்போது விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது 1842இல். பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் புதைத்து நாலு மாதம் கப்பலில் கொண்டுவந்து அங்கே இறக்கினார்கள். அது வெள்ளைக்காரர் கிளாஸுக்கு. பாம்புக் கூண்டுவரை அந்தக் குளிர் வர இன்னும் நெடுநாள் இருந்தது.

உயிர் இரை பாம்புக்கு மட்டும் ஆபத்து இல்லை, கொடுப்பவனுக்கும் ஆபத்து. லண்டன் கோபுரத்தில் அப்போது மன்னரின் விலங்குச்சாலை இருந்தது. காப்பாளர் ஆல்ஃபிரட் காப்ஸ். 1826இல் ஒருநாள் அவர் வழக்கம்போல ஒரு கோழியைக் கையில் பிடித்துப் பெரிய பாம்பு ஒன்றின் தலைக்கு நேரே நீட்டினார். பாம்பு தோல் உரிக்கும் பருவத்தில் இருந்தது. அந்தச் சமயம் கண்மேல் படிந்த பழைய தோல் மங்கி, பாம்புக்குப் பார்வை சரியாக இராது. பாய்ந்தது; கோழி தப்பியது; காப்ஸின் கட்டைவிரல் மாட்டியது. நொடியில் கையையும் கழுத்தையும் சுற்றிக்கொண்டது. உதவியாளர்கள் இருவர் ஓடிவந்து பிரித்திராவிட்டால் அவர் கதை அங்கே முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் ஒன்றரையடி நீளத்துக்கு இடுக்கி வைத்திருப்பதும், தோல் உரிக்கும் வாரம் இரை காட்டக்கூடாது என்பதும் இந்த மாதிரி அனுபவங்கள் விட்டுச்சென்றவை.

1849இல் லண்டன் ரீஜண்ட் பூங்கா விலங்குக் காட்சிசாலையில் ஊர்வனவற்றுக்கென்றே ஒரு வீடு திறந்தார்கள். உலகத்திலேயே முதல் பாம்பு வீடு அதுதான். கண்ணாடி வைத்த பெட்டிகளில் பாம்புகள். உள்ளே முயல், கினிப்பன்றி, புறா, குருவி, தவளை. எல்லாம் உயிரோடு. ஜனங்கள் சும்மா சுருண்டு கிடக்கும் பாம்பைப் பார்க்க வரவில்லை, அது சாப்பிடுவதைப் பார்க்க வந்தார்கள். பாம்பு கண்ணால் வசியம் செய்து இரையை மயக்கும் என்று அன்றைக்குப் படித்தவர்களும் நம்பினார்கள். அந்த வசியத்தை நேரில் பார்க்க ஆசைப்பட்டவர்கள் கண்ணாடிக்கு முன் நெருக்கியடித்து நின்றார்கள். இரை உயிரோடு இருக்கவேண்டும் என்ற தேவை பாம்புக்கு இருந்ததைவிடக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றவர்களுக்கு அதிகம் இருந்தது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இரண்டே வருஷத்தில், 1851இல், பாம்பு தானாகவே ஒரு பதிலைச் சொன்னது. அதைச் சரியாகக் கேட்க ஆளில்லை. அங்கிருந்த ஒரு போவா பாம்புக்குக் குளிர் தாங்கவென்று பெட்டியில் கம்பளிப் போர்வை போட்டிருந்தார்கள். இரைக்கு முயல் விட்டார்கள். மறுநாள் வந்து பார்த்தால் முயல் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது, போர்வையைக் காணவில்லை. முழுப் போர்வையையும் பாம்பு விழுங்கியிருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் வயிற்றில் வைத்திருந்து, கடைசியில் அப்படியே கக்கியது. பத்திரிகைகள் அதை வைத்துச் சிரித்தன. லண்டனே சிரித்தது.

நான் இந்தச் சம்பவத்தை மறுபடி மறுபடி யோசித்தேன். என்ன நடந்திருக்கும்? முயல் புரண்ட கம்பளியில் முயலின் வாசனை ஏறியிருக்கும். இருட்டில் பாய்ந்த பாம்பின் பல்லில் கம்பளி மாட்டியிருக்கும். போவாவின் பல் உள்நோக்கி வளைந்தது. மாட்டியதை எளிதில் விடாது. அதற்கப்புறம் அதற்குத் தெரிந்தது ஒன்றுதான், வாசனை இருக்கிறது, விழுங்கு. கம்பளிக்கு உயிர் இல்லை, ஓட்டம் இல்லை, நடுக்கம் இல்லை. ஆனாலும் உள்ளே போனது. பாம்புக்கு உயிருள்ள இரை கட்டாயம் என்ற வாதம் அன்றைக்கே அந்தக் கம்பளியோடு சேர்த்து விழுங்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இன்னும் ஐம்பது வருஷத்துக்கு மேல் முயல்கள் உயிரோடுதான் உள்ளே போயின.

குளிர் இல்லாததால்தான் என்று சொல்ல முடியாது. 1880 பிப்ரவரியில் ‘ஸ்ட்ராத்லெவன்’ என்ற கப்பல் ஆஸ்திரேலியாவிலிருந்து உறையவைத்த கறியை லண்டனுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. 1882இல் நியூசிலாந்திலிருந்து ‘டுனெடின்’ ஆயிரக்கணக்கான ஆட்டு உடல்களோடு வந்தது. உலகத்தின் மறுகோடியில் வெட்டிய ஆட்டை லண்டன்காரன் மூன்று மாதம் கழித்துச் சாப்பிட்டான். என் தொழில் பிறந்த கதை அது. என்னோடு வேலை பார்த்த பழைய மெக்கானிக்குகள் இந்தக் கப்பல் பெயர்களைத் தாத்தா பெயர்போலச் சொல்வார்கள். அதே நகரத்தில், அதே வருஷங்களில், பாம்பு வீட்டில் புறா சிறகடித்துக்கொண்டிருந்தது. ஐஸ் வந்துவிட்டது, நம்பிக்கை உருகவில்லை.

1894இல் இன்னொரு சம்பவம். ஒரே பெட்டியில் இரண்டு போவாக்கள். ஒன்று 11 அடி, மற்றது 9 அடி. புறாக்களை விட்டிருந்தார்கள். காலையில் பெட்டியில் ஒரு பாம்புதான் இருந்தது. ஒரே புறாவை இரண்டும் இரண்டு பக்கமிருந்து பிடிக்க, பெரியது புறாவோடு சேர்த்துச் சின்னதையும் விழுங்கிவிட்டது. அப்போதும் பாம்பின் பேராசை பற்றித்தான் பேசினார்கள்.

எதிர்க்குரல் எழுப்பியவர்களில் ஒருவர் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஹென்றி சால்ட். லண்டனுக்குப் படிக்கவந்த காந்தி, ஃபாரிங்டன் தெரு சைவ உணவகத்தில் வாங்கிப் படித்து, வழக்கத்தால் சைவராக இருந்தவர் விருப்பத்தால் சைவரானாரே, அந்தப் புத்தகத்தை எழுதியவர். 1931இல் காந்தி வட்டமேசை மாநாட்டுக்கு வந்தபோது லண்டன் சைவ சங்கக் கூட்டத்தில் இருவரும் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். சால்ட் 1891இல் மனிதநேயச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். வேட்டை, சிறைச்சாலைக் கசையடி என்று அவர்கள் எதிர்த்த கொடுமைகளின் வரிசையில் காட்சிசாலைப் பாம்புகளுக்கு உயிர் இரை கொடுப்பதும் இருந்தது. முயலுக்காக வாதாடினால் மனிதனுக்குச் சோறு போடு முதலில் என்று சொல்லும் கூட்டம் எப்போதும் உண்டு. சால்ட் இரண்டுக்கும் வாதாடினார்.

ஆனால் வழக்கம் மாறியதற்கு உபதேசம் மட்டும் போதவில்லை, பாம்பைக் கேட்டுப் பார்க்கவும் வேண்டியிருந்தது. அதைச் செய்தவர்கள் பீட்டர் சால்மர்ஸ் மிட்சல், ஆர். ஐ. போகாக் என்ற இருவர். மிட்சல் 1903இல் விலங்கியல் சங்கச் செயலாளர் ஆனார். போகாக் 1904இல் காட்சிசாலைக் கண்காணிப்பாளர். இருவரும் ஊர்வனவற்றுக்குக் கொன்ற இரையைக் கொடுத்துப் பார்த்து, 1907இல் சங்கத்தின் வெளியீட்டில் கட்டுரை எழுதினார்கள். கொடுக்கும் விதமாகக் கொடுத்தால் பெரும்பாலானவை செத்த இரையைத் தயங்காமல் எடுத்தன. இவ்வளவுதான் முடிவு. இதற்கு வேண்டியிருந்தது இடுக்கியும் பொறுமையும் மட்டுமே.

அதோடு அவர்கள் இன்னொரு கேள்வியையும் கேட்டார்கள்: பாம்பைக் கண்டால் மற்றப் பிராணிகள் பயப்படுகின்றனவா? டார்வின் இதை முன்பே தொட்டிருந்தார். அதே காட்சிசாலைக் குரங்குக் கூண்டுக்குள் பஞ்சடைத்த பாம்பைக் கொண்டுபோய் அவை அலறியடித்து ஓடியதை 1871இல் வெளிவந்த நூலில் எழுதினார். பஃப் விரியன் சீறிப் பாய்ந்தால் பின்வாங்கமாட்டேன் என்று தீர்மானித்துக் கண்ணாடியில் முகத்தை வைத்தும் பார்த்தார். பாய்ந்ததும் ஓரிரு கஜம் பின்னால் துள்ளினார். மிட்சலும் போகாக்கும் பலவகைப் பிராணிகளைப் பாம்புக்கு அருகே கொண்டுபோனார்கள். குரங்குகள் பதறின. கினிப்பன்றி, முயல், தவளை போன்றவை பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. பாம்பின் மேலேயே ஏறி நடந்தவை உண்டு. பாம்பின் பார்வை வசியம் என்று கூட்டம் கூடிப் பார்த்தது வெறும் கற்பனை. பயம் அத்தனையும் கண்ணாடிக்கு வெளியே நின்ற குரங்கினத்துக்குத்தான் இருந்தது.

இதைப் படிக்கும் சிலர், அப்படியானால் எலிக்கு வேதனையே இல்லையே, உயிரோடு விட்டால் என்ன என்று கேட்பார்கள். பாம்பு வளர்ப்பவர் ஒருவர் என்னிடம் கேட்டும் இருக்கிறார். பார்க்கும்போது பயம் இல்லாமல் இருக்கலாம், பிடிபட்ட பிறகு? சுற்று கழுத்தில் விழாமல் இடுப்பில் விழுந்த எலி உடனே சாவதில்லை. அந்த நேரத்தை நான் ஒருமுறை வீடியோவில் பார்த்தேன். மறுமுறை பார்க்க மாட்டேன்.

சரி, 1849இலிருந்து இருந்த காப்பாளர்கள் பொய் சொன்னார்களா? செத்த இரையைப் பாம்பு ஒதுக்குவதை அவர்கள் கண்ணால் பார்த்துத்தானே சொன்னார்கள்? இங்கேதான் என் தொழில் எனக்கு உதவியது. பாம்புக்கு உள்ளே அடுப்பு கிடையாது. வெளியே சூடு இருந்தால்தான் அதற்குப் பசிக்கும், தின்றது செரிக்கும். கம்பளிப் போர்வை போடவேண்டிய நிலைமையில் ஒரு போவா இருந்தது என்றால் அந்த வீடு எவ்வளவு குளிர்ந்திருக்கும்? குளிர்ந்த பாம்பின் முன்னால் குளிர்ந்த பிணத்தை வைத்துவிட்டு, தின்னவில்லை பார் என்றிருக்கிறார்கள் என்பது என் ஊகம்.

அந்தக் குறையைத் தீர்த்தவர் ஒரு பெண். ஜோன் பீச்சம் ப்ராக்டர். பள்ளிக்கூடத்துக்கு முதலைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போன சிறுமி; 1923இல், 26 வயதில், லண்டன் காட்சிசாலையின் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனார். உடம்பு அவருக்கு எப்போதும் ஒத்துழைக்கவில்லை. வாழ்நாள் முழுக்க நோய். 1927இல் திறந்த புதிய பாம்பு வீட்டை அவரே வடிவமைத்தார். வீடு முழுவதும் ஒரே சூடு என்ற பழைய முறையை விட்டு, பெட்டிக்குப் பெட்டி, ஒரே பெட்டிக்குள்ளும் இடத்துக்கு இடம், மின்சாரத்தால் வேறு வேறு சூடு. புற ஊதாக் கதிரை உள்ளே விடும் கண்ணாடி. கொமோடோ தீவிலிருந்து வந்த ராட்சதப் பல்லி நாய்க்குட்டிபோல அவர் பின்னால் நடந்தது. கையிலிருந்து கோழியும் முட்டையும் வாங்கித் தின்றது. 1931இல் 34 வயதில் இறந்துபோனார். அந்தக் கட்டடத்தின் முன் நின்று நான் ரொம்ப நேரம் பார்த்திருக்கிறேன். பாம்புகளை 2024இல் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், கட்டடம் நிற்கிறது. குளிரை ஆள்பவன் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்குச் சூட்டைப் பற்றிப் பாடம் சொன்னவர் அவர்.

வீட்டு ஃபிரீசர் பிரிட்டனில் பரவியது 1970களில். பாம்பு வளர்ப்பது சாதாரணப் பொழுதுபோக்கானது அதற்குப் பிறகு. இரண்டும் சேர்ந்ததும் உறைந்த எலி ஒரு வியாபாரமானது. பிறந்து மயிர் முளைக்காததற்குப் பிங்கி என்றும், பூமயிர் வந்ததற்கு ஃபஸ்ஸி என்றும் விலைப்பட்டியல் வந்தது. முட்டைத் தொழிலுக்கு வேண்டாத ஒருநாள் வயது ஆண் கோழிக்குஞ்சுகளும் அதே கடையில் பையில் தொங்குகின்றன.

பையில் இருக்கும் வெள்ளைச் சுண்டெலிக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. அதுவும் ஒருகாலத்தில் செல்லப்பிராணி. 1895இல் இங்கிலாந்தில் தேசிய சுண்டெலிச் சங்கம் ஆரம்பித்து, நிறமும் காது அழகும் பார்த்துப் பரிசு கொடுத்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஆபி லாத்ராப் என்ற பெண்மணி கிரான்பி ஊரில் வளர்த்துவிற்ற செல்ல எலிகள்தான் ஆய்வுக்கூடங்களுக்குப் போய்ப் பல ஆராய்ச்சி வம்சங்களுக்கு ஆதியாயின. மடியில் வைத்துக் கொஞ்சியதிலிருந்து ஆய்வுக்கூடம், அங்கிருந்து ஆயிரக்கணக்கில் பெருக்கும் முறை, அங்கிருந்து ஃபிரீசர். மகளுக்கு இதைச் சொன்னதிலிருந்து அவள் எலிப் பையைத் தூக்கி எறிவதில்லை, வைக்கிறாள்.

உறைந்த எலி எந்தக் குற்றமும் இல்லாதது என்று நான் சொல்லமாட்டேன். அதுவும் எங்கோ ஓரிடத்தில் செத்ததுதான். பெரும்பாலும் கரியமில வாயுப் பெட்டியில். வாயுவை மெதுவாக ஏற்றினால் மயங்கிவிடும். ஒரேயடியாகத் திறந்துவிட்டால் மூக்கின் ஈரத்தில் அது அமிலமாகி எரியும். இதைவிட நல்ல வழி உண்டா என்று இன்னும் தேடுகிறார்கள். இன்னொன்று, குளிர் கிருமியைக் கொல்வதில்லை. இதை என் தொழிலில் இருப்பவன் யாரைக் கேட்டாலும் சொல்வான். குளிர் தூங்கவைக்கும், அவ்வளவுதான். 2008இலிருந்து பிரிட்டனில் நூற்றுக்கணக்கானோருக்கு, அதிலும் குழந்தைகளுக்கு, சால்மோனெல்லா தொற்று வந்தது. தேடிப்போனபோது அமெரிக்காவிலிருந்து வந்த உறைந்த சுண்டெலிகளில் போய் முடிந்தது. எங்கள் வீட்டில் இரண்டாவது ஃபிரீசர் வந்ததற்கு இதுதான் காரணம். வஞ்சிரமும் எலியும் ஒரே கதவுக்குப் பின்னால் இருக்க என் மனைவி சம்மதிக்கவில்லை. அவள் சொன்னது சரி.

பதினோராவது சனிக்கிழமை. மகள் எலியை முதல்நாள் ராத்திரியே வெளியே எடுத்து ஐஸ் விடவைத்து, பாம்புப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள், கதகதப்பாக இருக்கட்டும் என்று. நான் வேலையிலிருந்து வந்த உடையிலேயே இருந்தேன். இடுப்புப் பையில் ஐஆர் கன் இருந்தது. தூரத்திலிருந்தே சுவரின் சூட்டை அளக்கும் துப்பாக்கி மாதிரிக் கருவி, குளிர் அறையில் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க. சும்மா பெட்டியின் பின்சுவரில் காட்டினேன், 29. எலியின் மேல் காட்டினேன், 28.

ராயல் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகக் குழிகள் இருக்கின்றன. சூட்டை உணரும் குழிகள் அவை. இருட்டில் அது பார்ப்பது சூட்டின் வித்தியாசத்தை. எங்கள் எலி பத்து வாரமாகச் சுவரோடு சுவராக இருந்திருக்கிறது. பாம்பின் கணக்கில் நாங்கள் எதையுமே நீட்டவில்லை.

“வெந்நீர் கொண்டா கண்ணு, ஹேர் டிரையரும் எடுத்துட்டு வா.”

பிளாஸ்டிக் உறையில் போட்டு வெந்நீரில் கால்மணி நேரம். வெளியே எடுத்துத் துடைத்து, தலைப்பக்கம் மட்டும் ஹேர் டிரையர். 35, 37, 39. விளக்கை அணைத்தோம். மகள் இடுக்கியால் வாலைப் பிடித்து, எலி நடப்பதுபோல லேசாக அசைத்தாள். நாக்கு இரண்டு முறை வெளியே வந்தது. கழுத்து மெல்ல எஸ் எழுத்துப்போல மடங்கியது. அப்புறம் நடந்ததை என் கண் பிடிக்கவில்லை. இடுக்கி வெறுமனே ஆடியது, எலி மூன்று சுற்றுக்குள் இருந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னப்பிள்ளையில் பிடித்ததுபோல.

செத்த எலியை எதற்கு இறுக்குகிறது என்று அவள் கிசுகிசுத்தாள். அமெரிக்காவில் ஸ்காட் போபாக் என்ற விஞ்ஞானியின் குழு 2012இல் வெளியிட்ட சோதனை நினைவுக்கு வந்தது. செத்த எலிகளுக்குள் தண்ணீர்க் குமிழால் செய்த போலி இதயம் வைத்துத் துடிக்கவிட்டுப் போவாக்களுக்குக் கொடுத்தார்கள். துடிப்பு இருக்கும்வரை பாம்பு இறுக்கியது. துடிப்பு இல்லாத எலியைச் சீக்கிரம் விட்டது. பாம்பு தன் உடம்பால் நாடி பார்க்கிறது. எங்கள் பாம்பும் சற்று நேரம் பார்த்தது. ஒன்றும் கேட்கவில்லை போல. சுற்றைத் தளர்த்தி, தலைப்பக்கம் தேடி, விழுங்க ஆரம்பித்தது. மகள் நோட்டை எடுத்துத் தேதி போட்டு 26 கிராம் என்று எழுதினாள். அழுதுகொண்டே எழுதினாள்.

அன்றிரவு ராயபுரத்துக்குப் போன் செய்தேன். அம்மாவுக்கு 78 வயது. எங்கள் தெருமுனைப் புற்றுக்கு ஆடி வெள்ளிதோறும் பாலும் முட்டையும் வைத்தவள். பாம்பு பால் குடிக்காது என்று நான் பள்ளிக்கூடத்தில் படித்துவந்து சொன்னபோது, “அது குடிக்குதோ இல்லையோ, நான் குடுக்கணும்டா” என்றவள். பேத்தி பாம்பு வளர்க்கிறாள் என்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. பத்து வாரமாகப் பட்டினி என்று கேட்டு வேண்டுதல்கூட வைத்திருந்தாள்.

“சாப்டுச்சாம்மா, இன்னிக்கு” என்றேன்.

“ஆத்தா” என்று பெருமூச்சு விட்டாள். கொஞ்சம் பொறுத்து, “அந்த எலி எப்படிடா செத்துச்சு?” என்றாள்.

“கேஸ்லம்மா. மயங்கிடும்.”

“எவ்ளோ நேரம்?”

பெட்டியில் வாயு எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்பதைப் பொறுத்தது என்று ஆரம்பித்து, எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.